சாதியைக் கடந்தவளுக்குத் தாய்வீடு எது?

சாதிமறுப்பு மணம் செய்துவைக்க நமக்குத் தெரியும். பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிறைந்திருக்கிறதா என்று சான்றிதழைப் பார்ப்பது, வழக்கறிஞரைப் பிடிப்பது, காவல் நிலையத்தில் விடிய விடிய நிற்பது, வெளியூரில் ஓர் அறை எடுத்துக் கொடுப்பது, மாலை மாற்றி உறுதிமொழி வாசிக்கவைப்பது, பதிவு அலுவலகம் வரை கூடவே போவது எல்லாம் தமிழ்நாட்டின் சாதி ஒழிப்பு இயக்கங்களுக்குப் பல பத்தாண்டுப் பழக்கம். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-இல் சட்டம் இயற்றப்பட்டதே அந்தப் பழக்கத்தின் வெற்றிதான். ஆனால் அதே இணையருக்கு ஓராண்டோ ஈராண்டோ கழித்து ஒரு பிள்ளை பிறக்கும்போது என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

இத்தகைய இணையர்களோடு சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். திருமணத்தன்று வரும் அழைப்புகளைவிட, பிரசவமாகி மூன்றாம் நாள் இரவு வரும் அழைப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்யும். பெரும்பாலும் கணவர்தான் பேசுவார். “தோழர், புள்ள அழுதுகிட்டே இருக்கு. பால் வரல. பவுடர் பால் வாங்கிட்டு வரச் சொல்றாங்க. யாரைக் கேக்குறதுன்னு தெரியல.”

யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பால் வராததைவிட இதுதான் பெரிய சிக்கல். நம் சமூகத்தில் பிள்ளை பெற்றவளுக்கு உதவி என்பது உறவின் வழியாகத்தான் வருகிறது. உறவு சாதியின் வழியாக வருகிறது. சாதியை மறுத்தவளுக்கு அந்த உதவி ஒரே நாளில் அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் அரசும் வந்து நிற்கவில்லை, இயக்கமும் வந்து நிற்கவில்லை.

தாய்வீடு என்ன செய்கிறது?

நம் ஊர் வழக்கப்படி முதல் பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு அழைத்துப் போவார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதம், சில வீடுகளில் ஐந்து மாதம் கழித்துத்தான் அனுப்புவார்கள். இதில் இருக்கும் சீர்வரிசைக் கணக்கும், மாப்பிள்ளை வீட்டு அதிகாரமும், பிரசவச் செலவைப் பெண் வீட்டின் தலையில் கட்டும் தந்திரமும் நாம் அறிந்தவைதான். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது உழைப்பு. யாரோ ஒருத்தி சமைக்கிறாள். இன்னொருத்தி துணி துவைக்கிறாள். பாட்டியோ அத்தையோ பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிறாள், அந்த ஒரு மணி நேரம் பெற்றவள் தூங்குகிறாள். மார்பில் பிள்ளையைச் சரியாகப் பிடிக்க வைக்கிறாள் ஏற்கெனவே நான்கு பிள்ளைக்குப் பால் கொடுத்த பெரியம்மா. பூண்டும் முருங்கைக் கீரையும் பால்சுறாப் புட்டும் போட்டதால் பால் ஊறியது என்று வீடு நம்புகிறது. பெற்றவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைத்தது, கூட ஆள் இருந்தது, பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்க முடிந்தது என்பதே நடந்த விஷயம்.

இந்த வீடு எல்லோருக்கும் திறந்த வீடும் அல்ல. பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று மூலையில் உட்கார வைத்ததும் இதே வீடுதான். தொப்புள்கொடி அறுத்த நாவிதர் சமூகத்து மருத்துவச்சிக்கு நெல் அளந்து கொடுத்துவிட்டு, அந்தக் கைக்கும் தீட்டு ஒட்டியிருக்கிறது என்று சொன்ன வீடு இது. பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் நாக்கில் தொட்டு வைக்கும் சேனையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ யார் கையால் வைப்பது என்று வீடே கூடி யோசிக்கும். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வந்துவிடுமாம். மருத்துவம் சொல்வது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், தேன் கைக்குழந்தைக்கு ஆபத்து என்பது. ஆனால் சேனை எங்கே பிள்ளையின் வயிற்றைப் பற்றியதாக இருந்தது? இந்தப் பிள்ளை யாருடையது, எந்த வகையறா என்று குறிப்பதற்கான சடங்கு அது.

இவ்வளவும் தெரிந்தும் சொல்கிறேன்: அந்த வீட்டில் கிடைக்கும் உழைப்பு உண்மையானது. அது இல்லாதவளின் இழப்பும் உண்மையானது.

“பழசையெல்லாம் மறந்துட்டோம்”

சாதிமறுப்பு மணம் செய்த பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும் பல வீடுகளிலிருந்து ஃபோன் வரும். “பழசையெல்லாம் மறந்துட்டோம். பிரசவத்துக்கு வந்துரு.” உண்மையிலேயே மனம் இளகி அழைக்கும் தாய்மார்கள் உண்டு. பிள்ளை முகம் பார்த்து மாறிய குடும்பங்களை நானே கண்டிருக்கிறேன். அழைத்துப் போய்ப் பூட்டிவைத்து, கணவரிடமிருந்து பிரித்து, கருவைக் கலைக்கச் சொல்லி மிரட்டிய குடும்பங்களையும் கண்டிருக்கிறேன். எந்த அழைப்பு எது என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆணவக் கொலைகள் நடந்த மாநிலத்தில், உடுமலையில் நடுத்தெருவில் சங்கர் வெட்டப்பட்டதைக் காணொளியாகவே பார்த்த தலைமுறையைச் சேர்ந்த ஒரு பெண், எட்டு மாத வயிற்றோடு அந்த முடிவைத் தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது. அவள் ஏன் போகிறாள்? பல நேரம் பாசத்தால் மட்டும் அல்ல. பிள்ளை பெற்றால் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்பதால்.

போகாமல் இருப்பவளுக்கு என்ன நடக்கிறது? பெரும்பாலும் இருவருக்கும் அறிமுகமில்லாத ஊரில் வாடகை வீடு. கணவரின் ஊருக்குப் போனால் சேரியைத் தேடிக் கொண்டு கும்பல் வரும் என்ற அச்சம். மாமியார் வர நினைத்தாலும் கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் வந்து இருக்க முடியும்? அரசு மருத்துவமனையில் பிரசவம். மகப்பேறு வார்டில் இரவில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் நடைமுறை. மற்றப் பெண்களின் தனிமையைக் காக்கும் நியாயம் அதில் உண்டு. ஆனால் துணைக்குப் பெண்ணே இல்லாதவளை அந்த விதி நினைத்துப் பார்க்கவில்லை. வயிற்றில் தையலோடு, பக்கத்தில் திரும்பிப் படுக்கவும் முடியாமல் அவள் உள்ளே. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே மரத்தடியில்.

நானும் அப்படிப் பிள்ளை பெற்றவள்தான். என் மகளுக்கு ஆறாம் நாள் வரை பால் சரியாகக் குடிக்கத் தெரியவில்லை, எனக்குக் கொடுக்கவும் தெரியவில்லை. காம்பு வெடித்து ரத்தம் வந்தது. மாடி வீட்டில் குடியிருந்த அக்கா ஒருவர் அழுகைச் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். என் சாதியும் அவருக்குத் தெரியாது, அவருடைய மதமும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தலையணையை மடித்து மடியில் வைத்தார். பிள்ளை வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, காம்பு மட்டும் அல்லாமல் சுற்றியிருக்கும் கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிள்ளையை மார்போடு அணைத்தார். வலி பாதியாகக் குறைந்தது. அவர் செய்தது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் இல்லாமல் எத்தனை பேர் பால் கொடுப்பதையே விட்டிருப்பார்கள் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

“பால் இல்லை” என்பதன் பொருள்

இளம் தோழர்கள் இந்த உடலியலைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆண் தோழர்கள் கட்டாயமாக. முதல் இரண்டு மூன்று நாளும் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, மிகக் கொஞ்சமாக இருக்கும். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். பால் பெருகி ஊறுவது மூன்றாம் நாள் வாக்கில்தான். அறுவை சிகிச்சையானால் இன்னும் சற்றுத் தள்ளிப்போகலாம். இடைப்பட்ட அந்த நாட்களில் பிள்ளை அழும், மார்பு நிறைந்த மாதிரி தெரியாது, சுற்றி இருப்பவர்கள் “பால் இல்லை” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். புட்டி வரும். புட்டியில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், குடிக்காவிட்டால் குறையும். பத்து நாளில் அந்தத் தீர்ப்பு உண்மையாகிவிடும்.

பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும், இரவிலும் குடிக்கும். பால் சுரக்கச் செய்யும் இயக்குநீர் இரவில்தான் கூடுதலாக இருக்கிறது. ஆகவே இரவுப் பாலை நிறுத்தவும் கூடாது. அச்சமும் வலியும் உறக்கமின்மையும் பால் இறங்குவதைத் தடுக்கின்றன. இரவெல்லாம் விழித்திருப்பவள் பகலில் தூங்க வேண்டும், அவள் தூங்க வேண்டுமானால் சோறு ஆக்கவும் துணி அலசவும் வேறு கை வேண்டும். ‘தாய்ப்பால் ஆதரவு’ என்பது இதுதான். தாய்மையைப் போற்றும் சுவரொட்டியால் ஒரு சொட்டுப் பாலும் ஊறாது.

தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அப்படியிருந்தும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் பிள்ளைகள் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறுபவை ஏறத்தாழ 55 விழுக்காடு. பத்தில் நான்கு பேருக்கு மேல் அறுவை சிகிச்சைப் பிரசவம். பிள்ளை பிறக்கும் நேரத்தில் தாய் இருப்பது மருத்துவர், செவிலியர் கையில். அங்கேயே முதல் மணி நேரம் தவறுகிறது என்றால், தாயின் அறியாமை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு வார்டில் எத்தனை செவிலியர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு படுக்கையருகே பத்து நிமிடம் நிற்க நேரம் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

சட்டம் யாருக்கு?

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு நல மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அதன் செலவை முதன்மையாக அரசு ஏற்க வேண்டும், பெண்ணின் உழைப்பால் பயனடையும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். தாய்ப்பால் குடும்பத்தின் சொந்த விஷயம் என்று இன்றும் சொல்பவர்களுக்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே கிடைத்த பதில் அது.

நூறாண்டில் எங்கே வந்திருக்கிறோம்? 2017 திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பு கொடுத்தது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு. வரவேற்போம். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான கடையில் நிற்பவளுக்கு, வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு, கட்டடத்தில் சித்தாளுக்கு, வயலில் நடவுக்குப் போகிறவளுக்கு அந்த 26 வாரம் இல்லை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குச் சட்டத்தில் உரிமை இருந்தாலும், விடுப்பு முடிந்து வரும்போது வேலை இருக்கும் என்று யார் உறுதி தருவது? இந்த வேலைகளில் யார் இருக்கிறார்கள் என்று சாதிவாரியாகச் சொல்லவும் வேண்டுமா? பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று அறிவுரை சொல்கிறார்கள். பீய்ச்ச ஒரு மறைவிடம், கழுவ நல்ல தண்ணீர், வைக்க ஒரு குளிர்பெட்டி எல்லாம் இருப்பவர்களுக்கான அறிவுரை அது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போக, கையில் வருவது 14,000. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 77 ரூபாய். எந்தக் கூலிக்கு இது ஈடு? அதே அம்மையாரின் பெயரில் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டமும் இருக்கிறது. ஒரு திட்டம் சாதி மறுத்தவளுக்குத் தாலிக்குத் தங்கம் கொடுக்கிறது. இன்னொன்று பிள்ளை பெற்றவளுக்குப் பெட்டகம் கொடுக்கிறது. சாதி மறுத்துப் பிள்ளை பெற்றவளுக்கு என்ன கூடுதலாகத் தேவை என்று இரண்டுமே கேட்கவில்லை.

பெரியாரை வைத்து ஒரு கேள்வி

“பெண் விடுதலைக்காகப் பிள்ளை பெறுவதையே நிறுத்தச் சொன்னவர் பெரியார். நீங்கள் தாய்ப்பால் பேசலாமா?” என்று ஓர் இளம் தோழி கேட்டார். நல்ல கேள்வி. தாய்ப்பாலைப் புனிதமாக்கிப் பெண்ணைக் கட்டிப்போடும் பேச்சு நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறது. பால் கொடுக்காதவள் தாயா என்று கேட்பவர்களும், அழகு கெட்டுவிடும் என்று கொடுக்கவில்லை என்று புறம் பேசுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை. கொடுக்க வேண்டாம் என்று ஒருத்தி முடிவெடுத்தால் அது அவள் உடல், அவள் முடிவு. உடல்நிலை காரணமாகக் கொடுக்க முடியாதவர்களும் உண்டு. பிள்ளையின் எடை ஏறாவிட்டாலோ, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போகாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அவர் பவுடர் பால் எழுதினால் அதைக் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

ஆனால் நான் பார்த்த பெண்களில் பெரும்பாலோர் கொடுக்க விரும்பினார்கள். முடியாமல் நிறுத்தினார்கள், பிறகு தங்களையே பழித்துக்கொண்டார்கள். உதவிக்கு ஆள் இல்லாமல் நிறுத்துவதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது? பெண் மட்டுமே சுமக்கும்படி வைத்த ஏற்பாட்டைத்தான் பெரியார் எதிர்த்தார். பால் சுரப்பது பெண்ணின் உடலில் என்றாலும் மற்ற எல்லா வேலையையும் ஆண் செய்யலாம். துணி, பாத்திரம், சமையல், ஏப்பம் விடவைப்பது, இரவில் பிள்ளையைத் தூக்கிக் கொண்டுவந்து கொடுப்பது எதற்கும் மார்பு தேவையில்லை.

யாருடைய பால் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் வங்கிகள் உள்ளன. பரிசோதனை செய்யப்பட்ட பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, குறைமாதப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தில் எந்தச் சொட்டு எந்தச் சாதி என்று எந்தச் சோதனைக்கூடமும் சொல்ல முடியாது. பிள்ளைகள் பிழைக்கின்றன.

நாம் செய்ய வேண்டியது

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மகப்பேறு வார்டில் துணை யார் என்பதைப் பிரசவிக்கும் பெண்ணே பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். திரைச்சீலை போட்டு, கணவரோ தோழரோ இருக்க இடம் செய்ய வேண்டும். இரவும் பகலும் பால் கொடுக்கக் கற்றுத்தரவே ஒரு செவிலியர் ஒவ்வொரு வார்டிலும் வேண்டும். 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பாதுகாப்பு இல்லங்கள், தப்பி வந்த சில வாரங்களுக்கு மட்டும் என்று இல்லாமல், பிரசவத்துக்கும் அதன் பிறகான மாதங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளிக்கு ஆறு மாதக் குறைந்தபட்சக் கூலி வேண்டும்.

இவை கிடைக்கும்வரை காத்திருக்கப் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே இயக்கங்களிடம் கேட்கிறேன். மணம் செய்துவைக்கும் ஒவ்வோர் அமைப்பும் மாவட்டத்துக்குப் பத்துப் பெண் தோழர்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், அங்கன்வாடித் தோழர்கள் அதில் இருக்கட்டும். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரை அழைத்து ஒரு நாள் பயிற்சி எடுங்கள். பிரசவ நாள் நெருங்கும்போது இரவு வார்டில் யார், வீட்டில் முதல் மூன்று வாரம் சமையல் யார், துணி யார் என்று முறை போடுங்கள். ஆண் தோழர்களின் பெயர் சமையலுக்கும் துணிக்கும் நேரே எழுதப்பட்டிருக்கட்டும். ஏழாம் மாதம் வரும் அந்த ஃபோனுக்கு “எனக்கு இங்கே ஆள் இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன்” என்று அந்தப் பெண் பதில் சொல்ல முடியட்டும். போவதும் போகாததும் அப்போதுதான் அவள் முடிவாக இருக்கும்.

மேடையில் மாலை எடுத்துக் கொடுத்த கைகளைத்தான் கேட்கிறேன். அடுத்த திருமணத்துக்குத் தேதி குறிக்கும்போது, போன ஆண்டு நாம் சேர்த்துவைத்த இணையருக்கு ஃபோன் போட்டு எத்தனையாவது மாதம் என்று கேளுங்கள்.